'தி வாக்கிங் டெட்' ரசிகர்களை இழந்த கதை: ஒரு நிகழ்வு ஆய்வு

'தி வாக்கிங் டெட்' பார்த்த யாரிடமாவது எதுவரை பார்த்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். "கிளென் செத்ததோடு நிறுத்திவிட்டேன்" என்ற பதில்தான் அடிக்கடி வரும். பிணங்கள் எழுந்து நடமாடும் உலகத்தில் உயிர்பிழைக்கப் போராடும் ஒரு குழுவின் கதையாக 11 சீசன், 177 எபிசோட் ஓடிய அமெரிக்கத் தொடர் அது. அந்தக் குழுவில் ஒருவனான கிளென் செத்தது ஏழாவது சீசனின் முதல் எபிசோடில். அதற்குப் பிறகும் ஆறு வருடம் கதை நடந்தது. ஆனால் அன்றைக்கு எழுந்து போனவர்களில் பெரும்பாலானோர் திரும்பவில்லை.

முக்கியமான மரணங்கள் எல்லாவற்றையும் பற்றி இதில் பேசப்போகிறேன். இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வருவது நல்லது.

முதலில் எண்களைப் பார்த்துவிடலாம். 2010 அக்டோபர் 31 அன்று ஏஎம்சி சேனலில் முதல் எபிசோட் வந்தபோது அமெரிக்காவில் சுமார் 53 லட்சம் பேர் பார்த்தார்கள். ஐந்தாவது சீசன் தொடங்கிய 2014 அக்டோபர் 12 அன்று அது 1 கோடியே 73 லட்சம் ஆனது. கேபிள் சேனலில் வந்த ஒரு நாடகத் தொடருக்கு அதுவரை அப்படியொரு கூட்டம் கூடியதில்லை. ஏழாவது சீசன் தொடங்கிய 2016 அக்டோபர் 23 அன்றும் 1 கோடியே 70 லட்சம் பேர் வந்தார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்தவர்கள் 1 கோடியே 25 லட்சம் பேர். ஒரே வாரத்தில் 45 லட்சம் பேர் குறைந்துவிட்டார்கள். 2022 நவம்பர் 20 அன்று வந்த நிறைவு எபிசோடுக்கு மிஞ்சியது 23 லட்சத்துக்கும் குறைவு.

கேபிள் டிவியே அந்த வருடங்களில் தேய்ந்துகொண்டிருந்தது, ஆட்கள் ஸ்ட்ரீமிங் பக்கம் போய்விட்டார்கள் என்று ஒரு சமாதானம் சொல்வார்கள். அதில் உண்மை இருக்கிறது, ஆனால் பாதி உண்மைதான். ஒரே வாரத்தில் 45 லட்சம் பேர் கேபிள் இணைப்பைத் துண்டித்துவிடவில்லை. அதே காலத்தில் 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' வருடா வருடம் ஏறிக்கொண்டே போய், 2019 மே மாதம் நிறைவு எபிசோடை எச்பிஓ சேனலில் மட்டும் 1 கோடியே 36 லட்சம் பேர் பார்த்தார்கள். அந்த முடிவும் ரசிகர்களைக் கொதிக்க வைத்தது, அது வேறு கதை. ஆனால் கடைசி இரவுவரை அந்தத் தொடருக்கு ஆட்கள் கூடினார்கள். 'வாக்கிங் டெட்' கூட்டமோ நடுவழியிலேயே கலைந்துவிட்டது.

ஏன் கலைந்தது என்பதுதான் இந்த ஆய்வின் கேள்வி. வன்முறை எல்லை மீறிவிட்டது, பிடித்தமான ஆளைக் கொன்றுவிட்டார்கள் என்பதுதான் வழக்கமாகச் சொல்லப்படும் பதில். எனக்கு அது போதவில்லை. இந்தத் தொடர் அதற்கு முன்பும் ஈவிரக்கமில்லாமல் கொன்றிருக்கிறது. அப்போதெல்லாம் கூட்டம் கூடவே செய்தது.

கொன்றபோதெல்லாம் கூட்டம் கூடியது

இரண்டாவது சீசனின் தொடக்கத்தில் சோஃபியா என்ற சிறுமி காணாமல் போகிறாள். ஏழு எபிசோட் தேடுகிறார்கள். ஒரே பண்ணையைச் சுற்றிச் சுற்றி வந்ததால் கதை நகரவே இல்லை என்று அப்போதே புலம்பல் இருந்தது. ஏழாவது எபிசோடின் கடைசியில் களஞ்சியக் கதவை உடைக்கிறார்கள். உள்ளே அடைத்து வைத்திருந்த நடைபிணங்கள் ஒவ்வொன்றாக வெளியே வர, ஒவ்வொன்றாகச் சுட்டுத் தள்ளுகிறார்கள். எல்லாம் முடிந்தது என்று நினைக்கும்போது ஒரு சின்ன உருவம் தள்ளாடி வெளியே வருகிறது. சோஃபியா. அதுவரை துப்பாக்கியைத் தூக்கி வீரம் பேசிய எவனுக்கும் கை எழவில்லை. குழுத் தலைவனும் நாயகனுமான ரிக் முன்னே வந்து நிற்கிறான், சுடுகிறான். எபிசோட் முடிந்தது.

சொல்லவேண்டியதை அந்தக் காட்சி முழுசாகச் சொல்லிவிட்டது. யார் செத்தது, யார் சுட்டது, அதைப் பார்த்தவர்கள் முகம் எப்படி இருந்தது என்று எதையும் மிச்சம் வைக்கவில்லை. சீசனின் நடுவில் விட்ட இடைவேளை முடிந்து 2012 பிப்ரவரியில் தொடர் திரும்பியபோது 81 லட்சம் பேர் உட்கார்ந்திருந்தார்கள். களஞ்சியக் காட்சியைப் பார்த்தவர்களைவிட இது ஏறக்குறைய 15 லட்சம் அதிகம்.

நான்காவது சீசனில் ஹெர்ஷெல். குழுவுக்கே தாத்தா மாதிரி இருந்தவர். 2013 டிசம்பர் 1 அன்று எல்லோர் கண்முன்னே, மகள்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, கழுத்தில் வாள் விழுந்தது. அதைவிடக் கொடூரமான காட்சி அதுவரை இந்தத் தொடரில் அதிகம் வந்ததில்லை. யாராவது எழுந்து போனார்களா? இடைவேளைக்குப் பின் வந்த எபிசோடை 1 கோடியே 57 லட்சம் பேர் பார்த்தார்கள். இடைவேளை முடிந்து வரும் எபிசோடுக்குக் கூட்டம் கொஞ்சம் கூடுவது இயல்புதான், அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் வெறுத்துப் போனவர்கள் இப்படி ஏறிக்கொண்டே போகமாட்டார்கள்.

அதே சீசனில் 2014 மார்ச்சில் வந்த 'தி குரோவ்' எபிசோடில் சோஃபியாவின் அம்மா கேரல் வேறொரு குழந்தையைத் தன் கையாலேயே சுடவேண்டி வருகிறது. பூக்களைப் பார் என்று அவளைத் திரும்ப வைத்துவிட்டுச் சுடுகிறாள். அந்தக் காட்சியின் கனத்தை இன்றைக்கும் ரசிகர்கள் பேசுகிறார்கள். தொடரின் மிகச் சிறந்த எபிசோட் எது என்று கேட்டால் பலரும் முதலில் சொல்வது இதைத்தான்.

இந்த இடத்தில் ஒரு விவரத்தைக் கவனிக்கவேண்டும். சோஃபியா வெளியே வந்த எபிசோடை எழுதியவர் ஸ்காட் கிம்பிள். 'தி குரோவ்' எழுதியவரும் அவர்தான். நான்காவது சீசன் முதல் எட்டாவது சீசன் வரை ஷோரன்னராக, அதாவது எழுத்துக்கும் தயாரிப்புக்கும் தலைமைப் பொறுப்பாளராக, தொடரை நடத்தியவரும் அவரே. பிற்பாடு ரசிகர்களின் கோபம் முழுக்க அவர் தலையில்தான் விழுந்தது. திறமை இல்லாத ஆள் கையில் தொடர் சிக்கிவிட்டது என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். ஆனால் மரணத்தை எப்படி எழுதவேண்டும் என்று இந்தத் தொடரில் எல்லோரையும்விட நன்றாகத் தெரிந்திருந்தவர் அவர்.

இன்னொரு சுலபமான விளக்கமும் உண்டு. தொடரை உருவாக்கிய ஃபிராங்க் டாரபான்டை 2011 ஜூலையில் நீக்கினார்களே, அன்றே எல்லாம் போயிற்று என்பார்கள். அவர் ஏஎம்சி மீது தொடுத்த வழக்கு, நீக்கப்பட்டுப் பத்து வருடம் கழித்து 20 கோடி டாலர் சமரசத்தில் முடிந்தது உண்மை. ஆனால் அவர் போன பிறகு மூன்று வருடம் தொடர் ஏறுமுகத்தில்தான் இருந்தது.

குப்பைத் தொட்டிக்கு அடியில்

பிசகு ஆரம்பித்த இடத்தை என்னால் தேதியோடு சொல்லமுடியும்: 2015 அக்டோபர் 25. ஆறாவது சீசனின் மூன்றாவது எபிசோட். கிளென்னும் நிக்கலஸும் குப்பை சேர்க்கும் பெரிய இரும்புத் தொட்டியின் மேல் ஏறி நிற்கிறார்கள். சுற்றிலும் நடைபிணங்கள். நிக்கலஸ் தன்னைத்தானே சுட்டுக்கொள்ள, இருவரும் சேர்ந்து கீழே விழுகிறார்கள். அடுத்த காட்சியில் கிளென்னின் முகம் நெருக்கத்தில் தெரிகிறது. அவன் அலறுகிறான். மார்புக்கு நேரே குடலைப் பிடுங்குகிறார்கள். அவன் உடம்பிலிருந்துதான் பிடுங்குகிறார்கள் என்று நினைக்கும்படி கேமராவை வைத்திருந்தார்கள். உண்மையில் அது அவன் மேல் கிடந்த நிக்கலஸின் உடம்பு.

அதோடு விட்டிருந்தாலும் பொறுத்திருக்கலாம். அடுத்து வந்த எபிசோடுகளின் தொடக்க எழுத்துகளிலிருந்து நடிகர் ஸ்டீவன் யன் பெயரையே எடுத்துவிட்டார்கள். சரி, நிஜமாகவே போய்விட்டான் போலிருக்கிறது என்று பலர் துக்கப்பட்டார்கள். கிட்டத்தட்ட ஒரு மாதம் கழித்து, நவம்பர் 22 அன்று வந்த எபிசோடில், கிளென் தொட்டிக்கு அடியில் ஊர்ந்து போய்த் தப்பித்துக்கொண்டான் என்று காட்டினார்கள்.

கதைக்குள் ஒரு பாத்திரம் இன்னொரு பாத்திரத்தை ஏமாற்றலாம். அது நாடகம். இங்கே ஏமாற்றியது எந்தப் பாத்திரமும் இல்லை. கேமரா ஏமாற்றியது, பெயர்ப் பட்டியல் ஏமாற்றியது. கதைக்கு வெளியே நின்று தயாரிப்பாளர்களே பார்வையாளரிடம் பொய் சொன்னார்கள். அவன் பிழைத்ததில் எல்லோருக்கும் சந்தோஷம்தான். ஆனால் இனி இந்தத் தொடரில் ஒருவன் செத்தால் உடனே அழக்கூடாது, கொஞ்சம் பொறுத்துப் பார்க்கவேண்டும் என்ற எண்ணம் அன்றைக்கு விழுந்துவிட்டது. யார் எப்போது சாவார்கள் என்று தெரியாத பயம்தான் இந்தத் தொடரின் உயிர். அந்தப் பயத்தில் முதல் ஓட்டை அங்கே விழுந்தது.

இருட்டில் முடிந்த ஆறாவது சீசன்

2016 ஏப்ரல் 3. நீகன் என்ற வில்லன் வரப்போகிறான் என்று சீசன் முழுக்கக் கட்டியெழுப்பியிருந்தார்கள். தொடருக்கு மூலமான காமிக்ஸைப் படித்தவர்களுக்கு அடுத்து நடக்கப்போவது தெரியும். 2012இல் வந்த 100ஆவது இதழில் நீகன் முள்கம்பி சுற்றிய மட்டையால் கிளென்னை அடித்துக் கொல்கிறான். அந்த இதழிலேயே, அடுத்தடுத்த பக்கங்களிலேயே அது நடந்து முடிந்துவிடும்.

தொடரில் பதினோரு பேர் வரிசையாக மண்டியிட்டிருக்கிறார்கள். ஜெஃப்ரி டீன் மார்கன் நீகனாக வந்து, பேசிக்கொண்டே, மட்டையை ஒவ்வொருவர் முகத்துக்கும் நேரே நீட்டிக்கொண்டே நடக்கிறார். நடிப்பில் ஒரு குறையும் இல்லை. பிள்ளைகள் ஆள் பிரிக்கப் பாடும் பாட்டைச் சொல்லி ஒருவரைத் தேர்ந்தெடுக்கிறான். அந்த நொடியில் கேமரா அடிவாங்குபவரின் கண்ணாக மாறிவிடுகிறது. மட்டை நம்மை நோக்கி இறங்குகிறது. திரையில் ரத்தம் வழிகிறது, அப்புறம் இருட்டு, சத்தம் மட்டும். செத்தது யார் என்று சொல்லாமலே சீசனை முடித்துவிட்டார்கள்.

ஆறு மாதத்துக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது. படப்பிடிப்பிலிருந்து விஷயம் கசியக்கூடாது என்று பல நடிகர்களின் மரணக் காட்சிகளைத் தனித்தனியாக எடுத்தும் வைத்தார்கள். அத்தனை உழைப்பும் எதற்குப் போயிற்று என்றுதான் எனக்கு ஆதங்கம். யார் செத்தது என்ற புதிரைக் காப்பாற்றுவதற்கே எல்லாம் போயிற்று. செத்தவனுக்காக அழுவதற்கு இடமே வைக்கவில்லை.

அந்த முடிவை ஆதரிப்பவர்கள் சொல்லும் வாதமும் நியாயமானதுதான். அந்தரத்தில் விட்டு முடிப்பது தொடர் நாடகத்தின் பழைய வழக்கம், ரசிகர்கள் கோடை முழுக்க அதையே பேசினார்கள், அக்டோபரில் 1 கோடியே 70 லட்சம் பேர் திரும்பி வந்தார்கள், அப்புறம் எங்கே தோல்வி என்று கேட்கிறார்கள். வந்தார்கள், உண்மைதான். பதிலைத் தெரிந்துகொள்ள வந்தார்கள். தெரிந்ததும் போய்விட்டார்கள். புதிருக்காக வந்த கூட்டம் விடை கிடைத்த பிறகு உட்கார்ந்திருக்க வேண்டிய அவசியம் என்ன? 'அடுத்து என்ன ஆகும்' என்று அந்தரத்தில் விடுவது வேறு, நடந்துமுடிந்ததை மறைத்துவைத்துக்கொண்டு அந்தரத்தில் விடுவது வேறு. களஞ்சியத்துக்கு வெளியே சோஃபியா விழுந்த பிறகு இனி இவர்கள் எப்படி வாழ்வார்கள் என்ற கேள்வியோடு காத்திருந்தோம். ஆறாவது சீசன் முடிந்தபோது கையில் இருந்தது பதினோரு பெயர்களின் பட்டியல் மட்டும்தான்.

அக்டோபரில் எபிசோட் தொடங்கியபோதும் உடனே சொல்லவில்லை. அடி விழுந்து முடிந்த பிறகிலிருந்து ஆரம்பித்தார்கள். நீகன் ரிக்கை வேனில் ஏற்றிக்கொண்டு பனிமூட்டத்துக்குள் போகிறான். ரிக்கின் மனக்கண்ணில் ஒவ்வொரு முகமாக வந்து போகிறது. இன்னும் கொஞ்ச நேரம், இன்னும் கொஞ்ச நேரம் என்று ஜவ்வாக இழுத்துவிட்டுத்தான், செத்தது குழுவில் இன்னொருவனான ஏப்ரஹாம் என்று காட்டினார்கள். அப்பாடா, கிளென் இல்லை என்று மூச்சு விடும்போது, மண்டியிட்டிருந்தவர்களில் ஒருவனான டேரில் ஆத்திரத்தில் எழுந்து நீகனைக் குத்துகிறான். அதற்குத் தண்டனையாகக் கிளென்.

கிளென் யார் என்று நினைத்துப் பார்க்கவேண்டும். முதல் எபிசோடின் கடைசியில் ரிக் ராணுவ டாங்கிக்குள் தன்னந்தனியாக மாட்டிக்கொண்டு கிடக்கும்போது ரேடியோவில் ஒரு குரல் வருமே, அந்தக் குரல் அவனுடையது. அந்த நரகத்திலும் முன்பின் தெரியாத ஒருவனுக்கு உதவி செய்யத் தோன்றிய பையன். ஆறு வருடம் நல்லவனாகவே இருந்தவன். மண்டை பிளந்து கண் பிதுங்கிய நிலையிலும் மனைவி மேகியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, உன்னைத் தேடி வருவேன் என்று உளறுகிறான். அவனுக்குச் சேரவேண்டிய துக்கத்தில் பாதியை ஒரு வருடத்துக்கு முன்னால் குப்பைத் தொட்டியில் செலவழித்தாயிற்று. மீதியைப் புதிர் போட்டியில் செலவழித்தாயிற்று. அந்த இரவில் எஞ்சியது அருவருப்பு மட்டும்தான்.

மேகியைக் காணோம்

அடுத்த வாரம் நடந்தது இன்னும் மோசம், ஆனால் இதைப் பேசுபவர்கள் குறைவு. இரண்டாவது எபிசோட் புதிய ஊருக்குப் போய்விட்டது. எசக்கியல் என்ற ராஜா, அவரிடம் ஒரு புலி. தனியாக எடுத்துப் பார்த்தால் நல்ல எபிசோட்தான். ஆனால் புருஷனைப் பறிகொடுத்த மேகி எங்கே? வயிற்றில் பிள்ளையோடு இருந்த அவள் என்ன ஆனாள் என்று பார்ப்பதற்கு ஐந்தாவது எபிசோட் வரை, நவம்பர் 20 வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த சீசன் முழுக்க இப்படித்தான். வாரத்துக்கு ஒரு ஊர், ஊருக்கு ஒரு கூட்டம், பழகிய முகங்கள் வாரக்கணக்கில் காணாமல் போயின.

மூன்றாவது சீசனிலிருந்து ஒன்பதாவது வரை சீசனுக்கு 16 எபிசோட் என்று வைத்து, எட்டு எட்டாகப் பிரித்து ஒளிபரப்பினார்கள். எனவே அந்த ஒவ்வொரு சீசனிலும் பரபரப்பாகத் தொடங்க இரண்டு இடம், பரபரப்பாக முடிக்க இரண்டு இடம் என்று நான்கு கிடைத்தன. நடுவில் இருப்பதை இட்டு நிரப்பினார்கள். துக்கத்தைக் காட்டவேண்டிய வாரங்கள் எல்லாம் இந்த நடுப்பகுதியில்தான் விழுந்தன. ஹெர்ஷெல் செத்த பிறகு வந்த எபிசோடில் ரிக்கும் அவன் மகன் கார்லும் ஒரு காலி வீட்டில் இருப்பதையே பொறுமையாகக் காட்டினார்களே, அந்தப் பொறுமை இப்போது இல்லை.

கார்ல்

அடுத்து நடந்தது 2017 டிசம்பர் 10. கார்ல் சட்டையைத் தூக்கிக் கடிபட்ட இடத்தைக் காட்டுகிறான். 2018 பிப்ரவரி 25 அன்று வந்த எபிசோடில் செத்துப்போகிறான்.

காமிக்ஸில் கார்ல் சாகவே இல்லை. 2019 ஜூலையில் வந்த 193ஆவது இதழோடு காமிக்ஸ் முடிந்தபோது, அதில் வளர்ந்த ஆளாக, குடும்பத்தோடு நிற்பவன் அவன்தான். இந்த உலகத்தில் வளரும் பிள்ளை என்னவாக ஆவான் என்பதுதான் மொத்தக் கதையின் கேள்வியே. நீகனை ரிக் கொல்லாமல் விடுவதற்குக் கார்லின் சாவும் அவன் எழுதிவைத்த கடிதங்களும் காரணமாக இருக்கட்டும் என்று தொடரில் அமைத்தார்கள். காமிக்ஸிலும் ரிக் நீகனைக் கொல்லாமல் சிறையில்தான் வைக்கிறான், கார்ல் உயிரோடு இருக்கும்போதே. எனவே அந்தச் சாவு கதைக்குத் தேவைப்படவே இல்லை. அந்த வேடத்தில் பத்து வயதிலிருந்து நடித்து வளர்ந்த சாண்ட்லர் ரிக்ஸும், விலகியது தன் முடிவு இல்லை என்று பேட்டியில் சொன்னார். கிம்பிளை நீக்கவேண்டும் என்று ரசிகர்கள் கையெழுத்து திரட்டினார்கள். 2018 ஜனவரியில் அவர் ஷோரன்னர் பொறுப்பிலிருந்து விலகுவதாக அறிவிப்பு வந்தது. ஆனால் மொத்த 'வாக்கிங் டெட்' தொடர்களுக்கும் மேலே இருக்கும் பதவிக்கு உயர்த்தப்பட்டார்.

எட்டாவது சீசன் முடியும்போது பார்வையாளர்கள் 80 லட்சத்துக்குக் கீழே வந்துவிட்டார்கள். இந்த முறை மரணத்தை மறைக்கவில்லை, நேர்மையாகத்தான் காட்டினார்கள். ஆனால் பார்ப்பதற்கே ஆள் இல்லாமல் போய்க்கொண்டிருந்தது.

ஏஞ்சலா காங் எடுத்துச் செய்தது

2018இல் ஷோரன்னரான ஏஞ்சலா காங்குக்கு இதில் நியாயம் செய்யாமல் போனால் என் மனம் ஆறாது. ஒன்பதாவது சீசனில் தொடரை அவர் உண்மையாகவே நிமிர்த்தினார். விமர்சகர்கள் மறுபடி பாராட்டத் தொடங்கினார்கள். இறந்தவர்களின் தோலைப் போர்த்திக்கொண்டு பிணங்களோடு நடக்கும் விஸ்பரர்ஸ் கூட்டம் வந்தபோது, பல வருடம் கழித்து இருட்டைப் பார்த்துப் பயம் வந்தது.

2019 மார்ச் 24 அன்று வந்த எபிசோடை எடுத்துக்கொள்ளுங்கள். ஊர்கள் சேர்ந்து ஒரு சந்தைத் திருவிழா நடத்துகின்றன. அங்கிருந்து காணாமல் போனவர்களின் தலைகளை மேட்டில் கழிகளில் செருகி வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு முகமாகக் காட்டினார்கள். டேரா, ஈனிட், கடைசியில் கேரல் வளர்த்த ஹென்றி. அடுத்த சீசனுக்கு என்று எதையும் மிச்சம் வைக்கவில்லை. பிறகு அந்தப் பிள்ளைகள் எப்படிப் போராடிச் செத்தார்கள் என்று உயிர்தப்பி வந்தவன் ஊரார்முன் நின்று சொல்கிறான். துக்கத்துக்கு நேரம் கொடுத்தார்கள். காமிக்ஸில் கார்லுக்கு இருந்த காதல் கதையைத்தான் ஹென்றிக்குக் கொடுத்திருந்தார்கள். கார்ல் இருந்திருந்தால் அந்த சீசன் எங்கேயோ போயிருக்கும்.

இதே சீசனில்தான் இன்னொரு காரியமும் நடந்தது. ரிக்கின் கடைசி எபிசோடுகள் என்று பெரிதாக விளம்பரம் செய்தார்கள். 2018 நவம்பர் 4 அன்று பாலத்தை வெடிவைத்துத் தகர்த்தான். போய்விட்டான் என்று பார்த்தால் ஹெலிகாப்டர் வந்து ஏற்றிக்கொண்டு போயிற்று. அன்று இரவே, ரிக்காக ஆண்ட்ரூ லிங்கனே நடிக்க சினிமாக்கள் வரும் என்று அறிவித்தார்கள். அந்த சினிமாக்கள் எடுக்கப்படவே இல்லை. 2024 பிப்ரவரியில் ஆறு எபிசோட் தொடராகத்தான் அந்தக் கதை வந்தது. குப்பைத் தொட்டியில் செய்ததையே இன்னும் பெரிய அளவில் நாயகனுக்கே செய்தார்கள் என்றுதான் நான் பார்க்கிறேன். ஒன்பதாவது சீசனை 61 லட்சம் பேரோடு தொடங்கினார்கள். பத்தாவது தொடங்கும்போது 40 லட்சம். நல்ல எபிசோடுகள் வந்துகொண்டிருந்த காலத்தில்தான் இந்தச் சரிவும்.

ரசிகர்கள் திரும்பி வராததற்குச் சிலர் பிடிவாதத்தைக் காரணம் சொல்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. வாராவாரம் பார்க்கும் தொடர் ஒரு பழக்கம். பழக்கம் ஒருமுறை விட்டுப்போனால், மூன்று சீசன் பின்தங்கிய பிறகு, இப்போது நன்றாக இருக்கிறது என்று யாராவது சொன்னாலும் அந்த 48 எபிசோடையும் பார்த்துவிட்டு வர யாருக்கு மனம் வரும்? அதிலும் அவர்கள் மறுபடி தாண்டி வரவேண்டிய முதல் படி, விட்டுப்போன அதே ஏழாவது சீசன்.

பதினோராவது சீசனில் வேறொரு சிக்கல். தொடர் முடியும் முன்பே டேரிலுக்கு ஒரு தனித் தொடர், மேகிக்கும் நீகனுக்கும் ஒரு தனித் தொடர் என்று அறிவித்துவிட்டார்கள். எனவே கடைசி எபிசோடுகளில் இவர்களுக்கு ஆபத்து வந்தபோது ஒருவருக்கும் நெஞ்சு பதறவில்லை. சாகமாட்டார்கள் என்று ஊருக்கே தெரியும். வியாபாரம் நடந்தாகவேண்டும், புரிகிறது. அதற்காக நிறைவு எபிசோடின் பயத்தையே விலையாகக் கொடுத்திருக்க வேண்டியதில்லை.

ஆனாலும் அந்த நிறைவு எபிசோடில், மண்டியிட்ட பதினோரு பேரில் ஒருத்தியான ரோசிட்டாவின் சாவை எழுதிய விதத்துக்கு ஒரு ரசிகனாக நன்றி சொல்வேன். குழந்தையைக் காப்பாற்றிக்கொண்டு வரும்போது தோளில் கடி விழுகிறது. அதை முதலில் பழைய நண்பன் யூஜினிடம் சொல்கிறாள், பிறகு மற்றவர்களிடம். எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிடுகிறாள், மகளைக் கொஞ்சுகிறாள், பிறகு படுத்துக்கொள்கிறாள். கூடவே யூஜின் இருக்கிறான். கேமரா எதையும் ஒளிக்கவில்லை. ஏழாவது சீசன் தொடங்கிய இரவில் இப்படி எழுதியிருந்தால், அன்று எழுந்து போனவர்களில் பலர் இதையும் பார்த்திருப்பார்கள்.